விண்டோஸ் வேஷம்

மே 4, திங்கள்

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: கோவில்பட்டி சோலை ஸ்டிக்கர்ஸின் ஒரே கம்ப்யூட்டரும், வைரஸ்களின் வளர்ப்புத் தாயும், ஊரார் பென்டிரைவ்களைப் பேதமின்றி அணைத்துக்கொண்டவருமாகிய திருமிகு விண்டோஸ் அவர்கள் இன்று காலை கடை திறந்த கையோடு நீலத்திரை எய்தினார். அன்னாரின் இறுதிச் சடங்கு கடை மேஜை மேலேயே நடைபெறும். இப்படிக்கு, துளியும் வருத்தமில்லாத சங்கிலிப்பாண்டி, பிளஸ் டூ போகப்போகிறவன்.

டப்பாவைத் திறந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஃபேனுக்குள் கரப்பான்கள் கூட்டுக் குடும்பம் நடத்துகின்றன. மதர்போர்டின் மேல் பல்லி முட்டை. மதர் என்று பெயர் வைத்தால் முட்டை இடாமல் என்ன செய்யும்? ஊதினேன். அத்தனை தூசியும் திரும்பி என் வாய்க்குள்ளேயே வந்தது. மதியச் சோறு இறங்கவில்லை.

அப்பாவுக்குச் சோறும் இறங்கவில்லை, முகமும் சரியில்லை. எங்கள் கடையின் சோறே கட்டர்தான். பார்க்கப் பிரிண்டர் மாதிரி இருக்கும். மைக்குப் பதில் ஊசிமுனைக் கத்தி. கம்ப்யூட்டர் அனுப்புகிற எழுத்தை ஸ்டிக்கர் ரோலில் அறுத்துத் தரும். அதை ஓட்டுகிற மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். இந்த நேரம் பார்த்து அப்பா குறிஞ்சி மெட்ரிக் பள்ளியின் வேன்களுக்கெல்லாம் எழுத்து ஒட்டும் வேலையைப் பிடித்திருக்கிறார். ‘பள்ளி வாகனம்’, ‘அவசர வழி’, டிரைவர் பெயர், போன் எண். பதினான்காம் தேதி மைதானத்தில் எல்லாப் பள்ளி வண்டிகளையும் வரிசையாக நிறுத்திச் சோதிப்பார்கள். எழுத்து இல்லாத வண்டி பாஸாகாது.

இந்த வேலையும் போனால் எதிர்க்கடை ஜெபசிங் அண்ணாச்சி கட்டரை வாங்கிக்கொண்டு அப்பாவையும் தன் டாலர் டிஜிட்டல்ஸில் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கடையில் பிளெக்ஸ் மை நாற்றத்தின் மேல் அவருடைய சென்ட் நாற்றம் உட்கார்ந்திருக்கும். அதற்குள் அப்பா பேட்ஜ் குத்திக்கொண்டு நிற்பதை நினைத்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறேன். (போன வருடம் அவர் ஸ்கூட்டரில் ‘விற்பனைக்கு’ என்று அவருடைய போன் நம்பரோடு ஒட்டியது நான் இல்லை என்று அப்பா இன்னும் நம்புகிறார்.)

மெக்கானிக் வந்து, இந்தக் கிழட்டு மெஷின் புது விண்டோஸைத் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் நெஞ்சை நிமிர்த்தி, லினக்ஸ் போடுகிறேன் என்றேன். அந்தப் பென்டிரைவ் என் கைக்கு எப்படி வந்தது என்பது வரலாற்றுக்குத் தேவையில்லாத தகவல்.

மே 5, செவ்வாய்

லினக்ஸ் ஏறிவிட்டது. இனி என் நாட்குறிப்பும் இதிலேதான். பூட்டெல்லாம் போடவில்லை. நான் எழுதுவதைப் படிக்கிற பொறுமை எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

கட்டர் மென்பொருளை லினக்ஸில் ஓடவைக்க ஒயின் என்று ஒன்றைப் போட்டேன். பெயரைக் கேட்டதும் அப்பா வாசல்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “எலே, யாவாரம் பண்ணுத எடத்துல ஒயினப் பத்தில்லாம் பேசாத.” இது ஒரு வேஷக்காரன் அப்பா என்று விளக்கினேன். மென்பொருள் விண்டோஸைக் கூப்பிட்டு, ‘ஐயா, எழுத்துரு எங்கே, கோப்பு எங்கே’ என்று கேட்கும். ஒயின் குரலை மாற்றிக்கொண்டு, ‘இந்தா தம்பி’ என்று லினக்ஸிலிருந்து எடுத்துக் கொடுக்கும். தான் வேறு வீட்டில் கை நனைக்கிறோம் என்பது மென்பொருளுக்குக் கடைசிவரை தெரியாது. இதைவிடப் பெரிய குறும்பு உலகத்தில் இல்லை. செய்தவர்கள் எல்லாரும் என் ஆட்கள்.

மென்பொருள் திறந்தது. தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாக, பல் விழுந்த வாய் மாதிரி. பழைய எழுத்துருக்களைத் தேடி எடுத்து ஒயினின் அடுப்படிக்குள் போட்டேன். ‘பள்ளி வாகனம்’ பளிச்சென்று வந்தது.

“யாரு சொல்லி எழுத்துருவ அங்க போட்ட?” என்று பின்னாலிருந்து அக்கா.

என் அக்கா பொற்கொடி. அவளுக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது, அதனால் வாய் நீளம் என்று நான் சொல்வேன். உனக்குக் கண் இருந்தும் வாய்தான் இருக்கிறது என்று அவள் சொல்வாள். பாளையங்கோட்டையில் எம்.ஏ. வரலாறு படிக்கிறாள், ஜூனில் தேர்வு. பகலில் அறுத்த ஸ்டிக்கரில் வேண்டாத பகுதியை உரித்தெடுப்பது அவள் வேலை. அறுத்த தடத்தை விரல் நுனியிலேயே கண்டுபிடித்துவிடுவாள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கம்ப்யூட்டர் அவளுக்கு. கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு இரவலாக ஒரு பிரெய்ல் பலகை கொடுத்திருக்கிறார்கள். சாப்பாட்டு டப்பா மூடி அளவு. கம்ப்யூட்டரில் சொருகினால் திரையில் இருக்கிற வரி அதில் புள்ளி புள்ளியாக மேலெழும்பும். தடவித் தடவிப் படிப்பாள்.

திரையைப் படித்துக் காட்டும் குரலும் லினக்ஸில் இருக்கிறது. ஆனால் அந்தக் குரல் சோழனைச் சோளனாக்கிவிடுகிறதாம். குரலின் வேகத்தை எருமை நடைக்குக் குறைத்து வைத்தேன். பதிலுக்கு அவள், நான் உள்ளே நுழைந்ததும் ஒரு விசையைத் தட்டி, ‘பல் தேய்க்காதவர் வந்திருக்கிறார்’ என்று கம்ப்யூட்டர் அறிவிக்கும்படி செய்துவிட்டாள். கடையில் ஆட்கள் இருந்தார்கள். தேய்த்திருந்தேன்.

மே 6, புதன்

கட்டர் அசையவில்லை. சீ.

மே 7, வியாழன்

இன்றும் அசையவில்லை. மென்பொருள், ‘அனுப்பிவிட்டேன்’ என்கிறது. கட்டர், ‘எங்கே’ என்கிறது. தபால்காரன் தின்றுவிட்டான்.

கட்டரில் கேபிள் சொருகும் வாய் பழங்காலத்து ரகம். அதற்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு நீல கேபிள். முதலில் லினக்ஸ், ‘அந்தக் கேபிளைத் தொட உனக்கு அனுமதி இல்லை’ என்றது. கெஞ்சி அனுமதி வாங்கினேன். அடுத்து ஒயினிடம், கேபிள் இருப்பது இந்த வாசலில் என்று அடையாளம் காட்டினேன். அதற்குள் கேபிளையே காணோம். சொருகினால் ஒரு நொடி தெரிகிறது, அப்புறம் மறைகிறது. யாரோ பின்னால் நின்று பிடுங்கிக்கொள்வதுபோல.

இணைய மன்றத்தில் கேட்டேன். முதல் ஆள், இதைக்கூடத் தேடத் தெரியாதா என்று திட்டினான். இரண்டாம் ஆள், இதே கேள்வியை ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான், பாவம். அழுக்குப் பக்கெட்டுக்குள் கை விட்டுச் சாவி தேடுவதுபோல இருக்கிறது. விசைப்பலகையில் கை வைத்தால் வடை எண்ணெய் பிசுக்கு வேறு. இந்தக் கடையில் எதைத் தொட்டாலும் எதையோ தொட்டுவிட்டதாகத்தான் தோன்றுகிறது.

சாயங்காலம் பள்ளியின் வேன் மேனேஜர் தனுஷ்கோடி சார் வந்து எட்டிப் பார்த்தார். அப்பா, “நாளைக்கி ஆரம்பிச்சிருவோம் சார்” என்றார். சார் இங்கிருந்து இறங்கி நேராக எதிர்க்கடைக்குள் நுழைந்து கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார். அப்பா ரோட்டைப் பார்க்காமல் ரோலைத் துடைத்தார்.

மே 8, வெள்ளி

வெற்றி. வெற்றி வேல், வெட்டு வேல்.

திருடனைப் பிடித்துவிட்டேன். பல் தேய்க்கும்போது வாயில் நுரையோடு பேசினால் வருகிற சத்தம் மாதிரி பெயர் கொண்ட ஒரு நிரல், லினக்ஸோடு தானாகவே வந்திருக்கிறது. நம் நீலக் கேபிளைத் தனக்குச் சொந்தமான ஏதோ கருவி என்று நினைத்துக் கவ்விக்கொள்கிறது. மன்றத்தில் முதல் பதிலே அதுதான்: ‘அதைத் தூக்கிவிடு. யாருக்கும் தேவையில்லை.’ தூக்கினேன். ஒரே வரி.

கட்டர் ‘கிர்ர்’ என்று உயிர்பெற்று ஒரு வட்டம் போட்டது. அப்பா அந்த வட்டத்தை உரித்துத் தன் சட்டைப்பையில் ஒட்டிக்கொண்டார். சாப்பிடப் போகும்போதும் அதோடுதான் போனார். போனில் ஸ்டேட்டஸ் போட்டேன்: ‘விண்டோஸை ஏமாற்றியவன், ஒயினை ஓட்டியவன், ஒரே ஒருவன்’. தனுஷ்கோடி சார் கட்டைவிரல் அனுப்பினார்.

அக்கா இன்று சீக்கிரம் படுத்துவிட்டாள். பலகையில் புள்ளி எழும்பவில்லையாம். சார்ஜ் இல்லாமல் இருக்கும்.

மே 9, சனி

நாள் முழுக்க வெட்டினோம். ஸ்டிக்கர் உரித்த குப்பை என் தலைமுடியில், முழங்கையில், சாம்பாரில். ‘பள்ளி’யில் இருக்கிற ள்-இன் புள்ளிதான் எமன். குப்பையோடு சேர்ந்து வந்துவிடும். புள்ளி போனால் பள்ளி ‘பளளி’யாகிவிடும், பிள்ளைகள் கொன்னிக்கொண்டேதான் வேனில் ஏற வேண்டும்.

அக்கா புள்ளிகளைத் தவறவிடவே மாட்டாள். இன்று மூன்று தாளில் விட்டுவிட்டாள். அப்பா மறுபடி வெட்டிக் கொடுத்தார். நான் சொல்லிக்காட்டினேன். அவள் வழக்கம்போலத் திருப்பிக் கொடுக்காமல் அடுத்த தாளை எடுத்தாள். அது ஒரு மாதிரியாக இருந்தது.

பலகை இன்னும் ஊமைதானாம். கீழே போட்டாயா என்று அம்மா கேட்டாள். போடவில்லை, ஆனால் போட்டேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது என்றாள் அக்கா. கல்லூரியில் அடுத்து ஒரு பெண்ணுக்கு அதைக் கொடுக்க வேண்டுமாம்.

மே 10, ஞாயிறு

ஜெபசிங் அண்ணாச்சி வந்து கட்டர் ஓடுவதைப் பார்த்தார். அவர் போன பிறகும் சென்ட் போகவில்லை. ஊதுபத்தி கொளுத்தினேன். இரண்டும் சேர்ந்து இன்னும் மோசம்.

மே 11, திங்கள்

அக்கா பலகையைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பாளையங்கோட்டை போனாள். கல்லூரியில் காட்டிச் சரிசெய்து வருவாளாம். அவள் தனியாகப் போய் வருகிறவள்தான், ஆனாலும் வெயிலைப் பார்த்துவிட்டு அப்பா என்னைத் துணைக்குப் போகச் சொன்னார். கட்டரை விட்டுவிட்டு எப்படி வருவது என்றேன். நியாயம்தானே. ‘அவசர வழி’ முழுக்க இன்றுதான் வெட்டினேன்.

பொழுது சாயும்போது வந்தாள். முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. பையில் யாரோ ஒரு பயணி கொட்டிய குழம்பின் நாற்றம். பலகை அங்கே ஒழுங்காக வேலை செய்ததாம். உன் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

செம்பு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “எலே சங்கிலி, கம்ப்யூட்டர்ல எதையாவது எடுத்தியா?”

“நான் ஏன் எடுக்கப்போறேன்?” என்றேன். இலக்கணப்படி அது கேள்விதான், பொய் ஆகாது.

ராத்திரிச் சாப்பாட்டில் மீன் குழம்பு. யாரும் குறை சொல்லவில்லை. எனக்கு மட்டும் வாடை அடித்தது.

மே 12, செவ்வாய்

நேற்று எல்லாரும் படுத்த பிறகு அந்த நுரைவாய் நிரலைத் திரும்பப் போட்டேன். காலையில் அக்கா தொட்டுப் பார்த்தாள். பலகையில் புள்ளிகள் எழும்பின. தானாகவே சரியாகிவிட்டது போல என்றேன். “தானாவா?” என்றாள்.

அவள் எழுந்து போனதும் கட்டரைப் பார்த்தேன். பிணம். கேபிளைத் திருடன் மறுபடி கவ்விக்கொண்டான். நிரலைத் தூக்கினேன், கட்டர் ஓடியது. சாயங்காலம் நிரலைப் போட்டேன், பலகை ஓடியது. காலையில் வெட்டு, மாலையில் ஒட்டு. எனக்கே என் சாமர்த்தியத்தைப் பார்த்துப் புல்லரிக்க வேண்டும். அரிக்கத்தான் செய்கிறது.

ராத்திரி அக்கா படித்துக்கொண்டிருக்கும்போது அப்பா, கிழிந்துபோன ஒரு போன் எண்ணை மட்டும் வெட்டிவிடலாமா என்றார். காலையில் பார்க்கலாம் என்றேன். கத்தி சூடாகிவிட்டது என்று காரணம் சொன்னேன். கட்டர் கத்தி சூடாகாது. அப்பாவுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் சரி என்று தலையாட்டினார், லினக்ஸில் சூடாகும்போல என்று நினைத்திருப்பார்.

மே 13, புதன்

டிரைவர்களின் பெயர்களைத் தனுஷ்கோடி சார் இன்று மதியம்தான் அனுப்பினார். நாளைக் காலை மைதானம். விடாமல் வெட்டியும் ஆறு மணிக்கு ஐந்து வேன் பாக்கி. நிரலைத் திரும்பப் போட எனக்கு நேரமில்லை, நினைவும் இல்லை.

அக்கா பலகையோடு வந்து உட்கார்ந்தாள். சொருகினாள். தடவினாள். இன்னொரு முறை தடவினாள். கட்டர் பக்கத்திலேயே கிர்ர் கிர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

“அப்பா, நேத்து நான் படிக்கையில ஒரு நம்பர் வெட்டணும்னியளே. கட்டர் ஓடுச்சா?”

“இல்லத்தா. கத்தி சூடுன்னான்.”

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குப் பிடிக்காது. அது நான் சிரிக்க வேண்டிய சிரிப்பு. “எலே, என் பலகைக்கு உசுரு வந்தா கட்டர் சாவுது. கட்டருக்கு உசுரு வந்தா பலகை சாவுது. ரெண்டு உசுரையும் கையில வச்சிக்கிட்டு நீ என்னல பண்ணுத?”

சொன்னேன். நுரைவாய் நிரல், தூக்கியது, போட்டது, எல்லாம். வேகமாகச் சொன்னால் சீக்கிரம் முடியும் என்று வேகமாகவே சொன்னேன். ஒரு நாள் முழுக்க வெயிலில் பஸ்ஸில் போய்வந்தவள் அவள். என்னை அடிப்பாள் என்று பார்த்தேன். பலகையை மடியில் எடுத்து வைத்துத் துண்டால் துடைத்தாள்.

அப்பா எழுந்து கட்டரின் சுவிட்சை அணைத்தார். பாதி அறுந்த பெயரோடு ரோல் நின்றது.

“பிள்ளைக்கு உள்ளத அதுல திருப்பிப் போட்டுரு” என்று என்னிடம் சொன்னார். குரலில் கோபமே இல்லை. “மிச்சத்த ஜெபசிங்க வெட்டித்தரச் சொல்லுதேன். கட்டரயும் அவனே எடுத்துக்கிடட்டும்.” சொல்லிவிட்டு வாசலில் செருப்பை மாட்டினார். சட்டைப்பையில் அந்த வட்டம் இன்னும் இருந்தது, ஓரமெல்லாம் அழுக்கேறி.

“செருப்பக் கழட்டுங்கப்பா” என்றாள் அக்கா. “ஏன் ரெண்டுல ஒண்ணு? அவன் மொதப் பதில மட்டும் படிச்சிருப்பான். தலைவலின்னு வந்தவன் தலையவே வெட்டச் சொன்ன வைத்தியம் இது.”

என்னை நாற்காலியிலிருந்து எழுப்பினாள். முதலில் நிரலைத் திரும்பப் போட்டாள். குரலை முழு வேகத்தில் விட்டாள். செய்தி வாசிப்பவரை மிக்ஸியில் போட்டு அரைத்ததுபோல ஒரு சத்தம். எனக்கு ஒரு சொல் பிடிபடவில்லை. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே போனாள். கேபிளுக்குள் இருக்கிற சில்லுக்கு ஒரு எண் உண்டாம். ஏதோ ஒரு கம்பெனியின் பிரெய்ல் கருவியிலும் அதே எண் சில்லு இருக்கிறதாம். எண்ணைப் பார்த்து நிரல் ஏமாந்திருக்கிறது. எந்தெந்த எண்ணைத் தொடலாம் என்று நிரலிடம் ஒரு கோப்பு இருக்கிறது. அதில் நம் கேபிளின் வரியைக் கண்டுபிடித்து, முன்னால் ஒரே ஒரு வேலிக் குறி (#) போட்டாள். இந்த வரியைப் படிக்காதே என்று அதற்கு அர்த்தம். அவ்வளவுதான்.

“கேபிளப் பிடுங்கி மாட்டு” என்றாள். இந்த மாபெரும் பணியில் என் பங்களிப்பு அது.

அப்பா சுவிட்சைப் போட்டார். கட்டர் கிர்ர் என்றது. அக்காவின் விரலுக்கு அடியில் புள்ளிகள் எழும்பின. இரண்டும் ஒரே நேரத்தில். அப்பா செருப்போடேயே உள்ளே வந்துவிட்டார்.

அதன் பிறகு அக்கா படித்தாள். உரிக்கிற வேலை முழுக்க எனக்கு. ஒவ்வொரு புள்ளியையும் ஊசியால் அமுக்கிப் பிடித்து உரித்தேன். விரல் நுனியில் பசை, பசையில் முடி, முடியில் யாருடையதோ பொடுகு. குமட்டிக்கொண்டே உரித்தேன். ஒரு புள்ளிகூடப் போகவில்லை.

மே 14, வியாழன்

பாஸ். மைதானத்தில் எங்கள் வேன்கள் மஞ்சள் மஞ்சளாக வரிசையில் நின்றன. அதிகாரி எழுத்துகளின் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். எழும்பவில்லை. ஜெபசிங் அண்ணாச்சி அப்பாவின் தோளில் கை போட்டு, “கட்டர் ஒம்மட்டயே இருக்கட்டும்யா” என்றார். சென்ட் வாசனை அப்படியேதான் இருந்தது. ஆனால் இன்று எனக்குக் குமட்டியது அவரால் இல்லை.

தனுஷ்கோடி சார் கேட்டார், விண்டோஸே இல்லாமல் இதையெல்லாம் செய்தது யார் தம்பி என்று. நான்தான் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வேன் டயரைப் பார்த்தார்.

அக்கா, இந்தக் கோப்புக்குப் பூட்டு இல்லை என்று உனக்குத் தெரியும். இன்று சாயங்காலம் நீ இதைத் திறப்பாய் என்று எனக்குத் தெரியும். திறந்து வைத்திருப்பதே நான்தான். ஆகவே உன் விரலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும் இந்த வரிகள் என் திருத்தங்கள். பென்டிரைவ் உன்னுடையது. எழுத்துருவை எங்கே போட வேண்டும் என்று நீ முந்தின நாளே சொல்லியிருந்தாய். ஸ்டேட்டஸை அழித்துவிட்டேன், பார்க்க வேண்டியவர்கள் எல்லாம் பார்த்த பிறகு. தனுஷ்கோடி சாருக்கும் இப்போதுதான் உண்மையை அனுப்பினேன். அதற்கும் கட்டைவிரல்தான் வந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை நேற்று வேகமாகச் சொன்னதில் விட்டுவிட்டேன். யாருக்கும் தேவையில்லாத நிரல் என்று எட்டாம் தேதி எழுதினேன் இல்லையா? தூக்குவதற்கு முன்னால் அது எதற்கு என்று படித்தேன். பார்வையற்றோரின் பிரெய்ல் கருவிக்கு என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. குரல்தான் இருக்கிறதே, அக்கா சமாளித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது அரை நொடிதான். அப்புறம் நீ துண்டில் சுற்றிய பலகையோடு பஸ் ஏறியபோது, அதில் ஒரு கோளாறும் இல்லை என்று தெரிந்தேதான் ‘அவசர வழி’ வெட்டிக்கொண்டிருந்தேன்.

கடை வாசலில்தான் நிற்கிறேன். படித்து முடித்ததும் கூப்பிடு. ஓட மாட்டேன். என் செருப்பு உன் நாற்காலிக்கு அடியில் கிடக்கிறது.